ஏபி பிசிக்ஸ் சி: ஆசிரியர் இல்லாமல் படித்து எழுத முடியுமா?

கேள்வி

வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறேன். எங்கள் பள்ளியில் ஏபி பிசிக்ஸ் சி (அமெரிக்காவின் காலேஜ் போர்டு அமைப்பு நடத்தும், நுண்கணிதம் சார்ந்த கல்லூரி நிலை இயற்பியல்; இயக்கவியல், மின்காந்தவியல் என இரு தனித் தேர்வுகள்) நடத்தப்படுவதில்லை என்பதால், வரும் மே மாதத்தில் அதன் இயக்கவியல் தேர்வையாவது நானே படித்து எழுத எண்ணியிருக்கிறேன். நுண்கணிதம் இந்த ஆண்டுதான் தொடங்கியது. வகையிடல் ஓரளவு கைவந்துவிட்டது, தொகையிடல் இன்னும் வரவில்லை. பாடநூலைப் படிக்கும்போது எல்லாம் புரிகிறது, ஆனால் பழைய வினாத்தாளை எடுத்தால் முதல் வரியைக்கூட எழுத முடிவதில்லை. மின்காந்தவியலையும் சேர்த்தே எழுதலாமா?

பதில் 1

தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிக்கும்போது, எந்த விதியைக் கையில் எடுப்பது என்ற முடிவை நூலாசிரியரே எடுத்துவிடுகிறார். வினாத்தாளில் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. ஆகவே படிக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதியை வெற்றுத்தாளோடு செலவிடுங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2 கிலோ நிறையுள்ள வட்டத்தட்டுக் கப்பியில் சுற்றிய கயிற்றில் 1 கிலோ கட்டை தொங்குகிறது. விட்டுவிட்டால் அதன் முடுக்கம் என்ன? கயிற்றின் இழுவிசை கட்டையின் எடைக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டால் (நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்) முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்கே சமமாக வரும். தடையின்றி விழும் கட்டைக்குக் கயிற்றில் இழுவிசையே இருக்காது என்பதை எண்ணிப் பார்த்தால், விடை தன்னைத்தானே மறுப்பது தெரியும். கட்டைக்கு நியூட்டனின் இரண்டாம் விதி, கப்பிக்குத் திருப்புவிசைச் சமன்பாடு என இரண்டையும் தனித்தனியே எழுதித் தீர்த்தால் முடுக்கம் அதில் பாதி. காலேஜ் போர்டு தன் தளத்தில் வெளியிடும் மதிப்பெண் வழிகாட்டிகளைப் பார்த்தால், இத்தகைய இடைப்படிகளுக்குத் தனி மதிப்பெண் இருப்பதைக் காணலாம். உங்கள் விடையை அவற்றை வைத்து நீங்களே, கொஞ்சமும் இரக்கமின்றித் திருத்துங்கள்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. 2025 முதல் தேர்வு மூன்று மணி நேரம்: 80 நிமிடங்களில் 40 கொள்குறி வினாக்கள், 100 நிமிடங்களில் 4 விரிவான வினாக்கள், இரு பகுதிகளுக்கும் சம மதிப்பு. அதற்கு முந்தைய வினாத்தாள்களில் 45 நிமிடங்களுக்கு 3 விரிவான வினாக்கள் இருந்ததால், அந்தக் கால அளவை இப்போதையதென்று எண்ணி அஞ்ச வேண்டாம்.

மின்காந்தவியலை இந்த ஆண்டு விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. காஸ் விதியும் மின்தேக்கி மின்னிறக்கமும் தொகையிடல் இல்லாமல் ஓர் அடியும் நகரா.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இயக்கவியலோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆய்வகமே இல்லாமல் சோதனை வடிவமைப்பு வினாவை எப்படிச் சமாளிப்பது?

பதில் 2

நூலும் ஒரு நட்டும் போதும். ஐந்து வெவ்வேறு நீளங்களில் ஊசலாடவிட்டு, ஒவ்வொன்றிலும் 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து, அதை 20ஆல் வகுத்து அலைவு நேரத்தைப் பெறுங்கள். அலைவு நேரத்தின் இருமடியை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். நீளத்தை மீட்டரில் எடுத்தால் சாய்வு ஏறத்தாழ 4 வரவேண்டும். வரைபடத்தை நேர்கோடாக்கும் இந்த உத்தி அந்த வினாவில் அடிக்கடி கேட்கப்படுவது. இன்னொன்று, தேர்வை நடத்தும் ஏதேனும் ஒரு பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் செப்டம்பரிலேயே பேசிவிடுங்கள். வெளி மாணவர்களை எல்லாப் பள்ளிகளும் சேர்த்துக்கொள்வதில்லை, பதிவும் நவம்பரோடு முடிந்துவிடும்.