ரெண்டு இசமாரு

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

சித்தப்பா: எல்லாரும் வாங்க, ஒரு பஞ்சாயத்து இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க.

சித்தப்பா: மேஜிக்னு (Magic: The Gathering) ஒரு கார்டு ஆட்டம் ஆடிட்டு இருக்கோம். இவ பக்கம் இசமாருங்கற கார்டு நிக்குது, லெஜண்டரி, அதாவது தனிப்பேர் வச்ச பெரிய ஆள். நான் 4 மானா (கார்டு இறக்கக் கட்டற சக்தி) கட்டி, இன்னொரு கார்டு மாதிரியே மாறற குளோனை இறக்கி அதையே காப்பி அடிச்சேன். ஒரே பேர்ல ரெண்டு லெஜண்ட் வந்தா ரெண்டும் கிரேவ்யார்டுக்கு, அதாவது செத்த கார்டு குவியலுக்குப் போகணும். இவ எடுக்க மாட்டேங்கறா.

நான்: எடுக்க மாட்டேன். அது உங்க பக்கம், இது என் பக்கம்.

அத்தை: எதிரெதிர உக்காந்துக்கிட்டு போன்ல சண்டையாடா?

நான்: அண்ணா ஹாஸ்டல்ல இருக்கானே அத்தை. அவன்தான் நடுவர்.

அண்ணா: வந்துட்டேன். சித்தப்பா, கடைசியா எப்ப ஆடினீங்க?

சித்தப்பா: 2011 இருக்கும். ஏன்?

அண்ணா: அதான். நீங்க சொல்றது 2004ல கமிகாவாங்கற கார்டு செட்டோட வந்த ரூல். 2013ல மாத்திட்டாங்க. இப்ப ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு. ஒரே ஆள்கிட்ட ஒரே பேர்ல ரெண்டு லெஜண்டரி நின்னாத்தான் வம்பு. அப்பவும் ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை அனுப்பினா போதும்.

சித்தப்பா: அப்ப குளோன் எதுக்குடா? எங்க காலத்துல எவ்வளவு பெரிய லெஜண்டா இருந்தாலும் ஒரு குளோன், ஆள் காலி.

அண்ணா: அது எனக்குப் போங்காட்டமாத்தான் தெரியுது. ஆனா அதுக்கும் முந்தி இன்னும் மோசம். 1994ல லெஜண்ட்ஸ் செட் வந்தப்ப, எவன் முதல்ல இறக்கினானோ அவனோடது நிக்கும். அடுத்து வர்றது நேரா கிரேவ்யார்ட்.

அத்தை: துண்டு போட்டு இடம் பிடிக்கற மாதிரி.

அண்ணா: அதேதான் 😄

வாண்டு: போக்கிமான் கார்டு ஆட்டத்துல இந்தத் தொல்லையே இல்ல. என்கிட்ட 4 பிக்காச்சு, நாலும் ஒண்ணா நிக்கும்

அண்ணா: உங்க ஆட்டத்துல டெக் (ஆடக் கொண்டுவர்ற கட்டு) கட்டும்போதே கடிவாளம் போட்டுடறாங்கடா. ஒரே பேர்ல 4, பேசிக் எனர்ஜி மட்டும் இஷ்டத்துக்கு. ஏஸ் ஸ்பெக்னு வர்ற ஸ்பெஷல் கார்டுனா மொத்த டெக்குக்கும் ஒண்ணே ஒண்ணு. இங்கயும் டெக்ல 4 இசமாரு வச்சுக்கலாம், டேபிளுக்கு வந்தாத்தான் தகராறு.

நான்: அண்ணா ஒரு டவுட். என் கையில இன்னொரு இசமாரு இருக்கு. இப்ப இறக்கினா வேஸ்ட்தானே?

சித்தப்பா: கையில இருக்கறதை குரூப்ல சொல்றா பாரு 🤦

அண்ணா: எப்பவும் வேஸ்ட்னு சொல்ல முடியாது. எதை வச்சுக்கறதுங்கறது உன் இஷ்டம். பழசு அட்டாக் பண்ணி டேப் ஆகி, அதாவது பக்கவாட்டுல திரும்பி, பிளாக் பண்ண முடியாம கிடக்குதுனு வை. அட்டாக் முடிஞ்சு வர்ற ரெண்டாவது மெயின் ஃபேஸ்ல புதுசை இறக்கு, பழசை அனுப்பு. அடுத்த டர்ன்ல பிளாக் பண்ண ஆள் ரெடி. மானா தர்ற லேண்ட் கார்டே லெஜண்டரினா இன்னும் ஜாலி. ஒண்ணை டேப் பண்ணி மானா எடு, ரெண்டாவதை இறக்கி அதுலயும் எடு.

சித்தப்பா: இண்டிஸ்ட்ரக்டிபிளா, அழிக்கவே முடியாத கார்டா இருந்தா?

அண்ணா: அப்பவும் போகும் சித்தப்பா. இதை யாரும் அழிக்கல, சாக்ரிஃபைஸும் பண்ணல. ரூலே தூக்கிக் கிரேவ்யார்ட்ல வைக்குது, நடுவுல யாரும் குறுக்க வர முடியாது. ஆனா "செத்தா இப்படி நடக்கும்"னு கார்டுல போட்டிருந்தா அது வேலை செய்யும். தப்பிக்கணும்னா மிரர் கேலரி மாதிரி கார்டு வேணும். அது இருந்தா லெஜண்ட் ரூலே கிடையாது.

சித்தப்பா: ஜேஸ் மாதிரி பிளேன்ஸ்வாக்கர் (மந்திரவாதி) கார்டுக்கு? பேர் கொஞ்சம் மாறினாலும் ரெண்டு ஜேஸ் கூடாதுனு படிச்சிருக்கேன்.

அண்ணா: 2017ல அதுவும் போச்சு. பிளேன்ஸ்வாக்கர் எல்லாரையும் லெஜண்டரி ஆக்கிட்டாங்க, முழுப்பேர் ஒண்ணா இருந்தாத்தான் சிக்கல். ஜேஸ் பெலரெனும் ஜேஸ் த மைண்ட் ஸ்கல்ப்டரும் இப்ப பக்கத்துல பக்கத்துல உக்காரலாம்.

அத்தை: அதாவது ஒரே ஆள் ரெண்டு பேர்ல இருக்கலாம், ஒரே பேர்ல ரெண்டு ஆள் கூடாது.

அண்ணா: ரூல் புக்கை நீங்களே எழுதியிருக்கலாம் அத்தை 🙏

அண்ணா: எனக்குப் பிடிச்சது கேம் ஆஃப் த்ரோன்ஸ் கார்டு ஆட்டத்துல இருக்கற வழிதான். உன்னோட ரெண்டாவது காப்பி வந்தா அதே ஆளுக்குக் கீழ சொருகி வைக்கலாம். அவன் சாகப்போறப்ப காப்பியைத் தூக்கிப் போட்டு ஆளைக் காப்பாத்தலாம். டூப்ளிகேட்டுக்கும் ஒரு மரியாதை.

சித்தப்பா: கதை போதும். தீர்ப்பு?

அண்ணா: ரெண்டு இசமாருவும் நிக்கும்.

சித்தப்பா: சரி. என் டர்ன் முடிஞ்சுது, ஆடு.

நான்: இசமாரு அட்டாக்.

சித்தப்பா: என் இசமாரு பிளாக்! ரெண்டுக்கும் அடி 2, உயிர் 2. ரெண்டும் செத்துது. இதைத்தானே முதல்லயே சொன்னேன் 😎

நான்: கையில இன்னொண்ணு இருக்குனு நானும்தான் சொன்னேன் சித்தப்பா. 1 மானா. இறக்கியாச்சு.