புதுப்பிப்பு: யுஐ டெஸ்டில் (செயலியின் திரைகளைத் தானாக இயக்கிச் சோதிக்கிற டெஸ்ட்) தேவையில்லாத படிகளைக் கழித்தபின்

முதல் பதிவில் போட்டது: கிளிநொச்சி நெல் கொள்வனவுச் செயலியில் ஈரப்பதன் 14% தாண்டினால் எச்சரிக்கை வரவேணும். அதைச் சோதிக்க லொகின், மெனு, கமக்காரர் பதிவு எண்டு 11 படி. மெனுவில் ‘விவசாயி’யைக் ‘கமக்காரர்’ எண்டு மாத்தினதும் ஈரப்பதன் டெஸ்ட் விழுந்தது. ஈரப்பதனுக்கும் மெனுவுக்கும் என்ன தொடர்பு?

இப்ப 3 படிதான்: பக்கத்தைத் திற, அளவை நிரப்பு, எச்சரிக்கையைப் பார். 14.0க்கு வரக்கூடாது, 14.1க்கு வரவேணும்.

கழித்த படிகளுக்குப் பதிலா, கமக்காரரை ஏபிஐயால் (திரையைத் தொடாமல் சேவையகத்தோடு நேரே பேசும் வழி) உருவாக்கி, கிடைக்கும் ஐடியோடு பக்கத்தின் முகவரியை நேரே திறவுங்கோ. அடையாள அட்டை இலக்கம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் வேறாக இருக்கட்டும். ஒரே இலக்கமெண்டால் சமாந்தரமாக ஓடேக்கை ‘ஏற்கனவே உள்ளது’ எண்டு விழும்.

லொகினை ஒருக்காச் செய்து பிளேரைட்டின் (உலாவியைத் தானாக இயக்கும் டெஸ்ட் கருவி) ஸ்டோரேஜ்ஸ்டேட்டில், அதாவது லொகின் நிலையை வைக்கிற கோப்பில், சேமியுங்கோ. உலாவி தரவு வைக்கிற இடங்களில் குக்கி, லோக்கல்ஸ்டோரேஜ் சேமிபடும், செஷன்ஸ்டோரேஜ் சேமிபடாது. டோக்கன் (லொகின் செய்ததுக்கான அடையாளக் குறி) செஷன்ஸ்டோரேஜில் இருந்தால் லொகின் திரைக்கே திரும்பும், அதைத் தனியா ஏத்தவேணும்.

சேமிச்ச டோக்கன் காலாவதியானால் என்ன செய்யிறது எண்டு கேட்ட தங்கச்சிக்கு: அந்த ஸ்டோரேஜ்ஸ்டேட் கோப்பை ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் புதிசா எடுங்கோ, கிட் (Git) களஞ்சியத்தில் ஏத்தவேண்டாம்.

லொகினுக்கும் பதிவுப் படிவத்துக்கும் தனித்தனி டெஸ்ட் கட்டாயம். அதைத் தவறவிட்டால் அந்தத் திரைகளை ஒருத்தரும் பார்க்கமாட்டினம்.