ஏபிஐ சோதனைகளில் நிபந்தனையுடன் எழுதும் அசெர்ஷன்கள்: உங்கள் அனுபவம்?

ஆர்டர் விவரங்களைத் தரும் ஓர் ஏபிஐக்காக (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்), போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியில் எழுதப்பட்ட சோதனைத் தொகுப்பு ஒன்று, வேறொரு குழுவிடமிருந்து எங்கள் பொறுப்புக்கு வந்தது. எப்போது ஓட்டினாலும் எல்லாம் பச்சையாகவே இருந்தன. தரவுத்தளத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தபோதும் ஒரு சோதனைகூடத் தோற்கவில்லை. திறந்து பார்த்தால், பெரும்பாலானவை "நிலைக்குறியீடு 200 என்றால், பதிலில் உள்ள தரவைச் சரிபார்" என்ற வடிவில் இருந்தன (200 என்பது கோரிக்கை வெற்றி என்பதைக் குறிக்கும் எண்). சேவையகப் பிழையைக் குறிக்கும் 500 வந்தால் அந்த இஃப் (நிபந்தனை) பகுதிக்குள் நுழைய வழியில்லை. ஓர் அசெர்ஷன்கூட, அதாவது எதிர்பார்த்ததுதான் வந்ததா என்று உறுதிசெய்யும் வரிகூட, ஓடாவிட்டாலும், பிழை எதுவும் எழாததால் அந்தச் சோதனை தேறியதாகவே பதிவாகிவிடும்.

நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நாம் அனுப்பிய கோரிக்கையிலிருந்து பிறக்க வேண்டும், வந்த பதிலிலிருந்து பிறக்கக் கூடாது என்பதே என் கருத்து. பதிலைப் பார்த்து எதைச் சரிபார்ப்பது என்று முடிவு செய்வது, தேர்வு எழுதுபவரிடமே வினாத்தாளைத் தயாரிக்கச் சொல்வதைப் போன்றது. எனவே நிலைக்குறியீட்டை நிபந்தனையின்றி முதலில் உறுதிசெய்தோம். நீக்கும் கோரிக்கைக்கு 204 வரும்போது உள்ளடக்கமே இருக்காது, அதை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் படிக்க முயன்றால் பிழைதான் எழும் என்பதால், அதற்குத் தனிச் சோதனை எழுதினோம். ஒரு வசதி சில சூழல்களில் மட்டுமே இயங்கும் என்றால் சோதனையை ஸ்கிப் செய்கிறோம். அப்போது அது ஓடவில்லை என்பதாவது அறிக்கையில் தெரியும்.

மறுமொழி 1

நான் பார்த்தது இதைவிட நுட்பமானது. "தள்ளுபடி இருந்தால், அது எண்ணா என்று பார்" என்று ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தார்கள். தள்ளுபடி 0 என்று வந்தால் அந்த மொழி அதைப் பொய்யாகவே கொள்ளும். வெற்றுச் சரமாக வந்தாலும் அப்படித்தான். ஆகவே பிழை ஒளிந்திருக்கக்கூடிய மதிப்புகளே சரிபார்ப்பிலிருந்து தப்பின. காலியான பட்டியலை லூப்பில் சுற்றி ஒவ்வொரு உருப்படியையும் சோதிப்பதும் இதே வகைதான். லூப்பில் இஃப் கண்ணில் படாததால் யாரும் ஐயுறுவதில்லை. பட்டியலின் நீளத்தை முதலில் உறுதிசெய்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஜெஸ்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சோதனைக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு, குறைந்தது ஓர் அசெர்ஷனாவது ஓடியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வசதி அதிலேயே உள்ளது. நிபந்தனைக்குள் எழுதப்படும் அசெர்ஷன்களைச் சுட்டிக்காட்ட, நிரலில் உள்ள குறைகளைக் கண்டறியும் இஎஸ்லின்ட் கருவியிலும் அதற்கான செருகுநிரல் வழியாக ஒரு விதி கிடைக்கிறது.

மறுமொழி 2

இஃப்களை எல்லாம், ஜேசன் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமாவுக்கு மாற்றினால் தொல்லை தீரும் என்று எங்கள் குழு நம்பியது. ஏழாம் வரைவிலிருந்து அதில் இஃப், தென், எல்ஸ் உண்டு. "நிலை 'அனுப்பப்பட்டது' என்றால், கண்காணிப்பு எண் கட்டாயம்" என்று அழகாக எழுதலாம். ஆனால் நிலை என்ற புலமே இல்லாத பதில் வந்தபோது, கண்காணிப்பு எண் இல்லை என்று சோதனை தோற்றது. புலம் இல்லாவிட்டால் அதன் மதிப்பைப் பற்றிய விதி மீறப்படுவதில்லை. அதனால் இஃப் நிறைவேறியதாகக் கருதப்பட்டு, தென் பகுதி நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பிழைச்செய்தி சுட்டிய இடம் ஒன்று, உண்மையான குறை வேறொன்று என்பதால் தேடுவதில் நிறைய நேரம் போயிற்று. இஃப் பகுதிக்குள்ளேயே அந்தப் புலத்தைக் கட்டாயம் என்று குறித்து, அதை வெளியிலும் ஒருமுறை கட்டாயமாக்கிய பிறகுதான், நிலை இல்லை என்ற சரியான செய்தி கிடைத்தது.