கல் மூட்டில் சிமெண்ட்: குமரிக் கோயில்களில் பார்த்தவை

நாகர்கோவில் உறுப்பினர்:
பழைய கோயில் ஒழுகினால் கல் மூட்டைச் சிமெண்டால் அடைக்கலாமா என்பதுதான் கேள்வி. சுசீந்திரம் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் கருங்கல், மேலே ஏழு நிலையும் செங்கல், சுண்ணாம்பு, சுதை (சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவ வேலை). இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. கருங்கல் சுவரில் பல மூட்டுகளில் சாந்தே இருக்காது, கல் தன் எடையில் அமர்ந்திருக்கும். அதைச் சிமெண்டால் அடைப்பது வீண்வேலை, கெடுதலும்கூட.

மண்டபம் ஒழுகினால் மேல்தளப் பலகைக்கல் மூட்டைத்தான் பார்க்க வேண்டும். சிமெண்ட் பூசினால் சில மழைக்கு நிற்கும். வெயிலில் கல் விரிந்து இரவில் சுருங்கும்போது சிமெண்ட் இளகிக் கொடுக்காது. ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விடும். அதன் வழியே புகுந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும்.

பழைய சாந்தை உளியால் கையாலேயே எடுங்கள். கிரைண்டர் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். மூட்டின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழமாவது எடுக்க வேண்டும். சிமெண்ட் கல்லோடு இறுகி, எடுத்தால் கல் உடையும் என்று தெரிந்தால் விட்டுவிடுவதே நல்லது.

புதிய சாந்துக்கு, தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீருக்கடியில் ஒரு மாதமாவது கிடத்தி, சல்லடையில் சலித்துவிடுங்கள். நீறாத கட்டி ஒன்று தங்கினாலும், பூசிய பிறகு ஈரம் குடித்து வீங்கி, கொப்புளமாக வெடிக்கும். சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. நசுக்கிய கடுக்காயை 10 முதல் 15 நாள் ஊறப்போட்ட நீரில் கருப்பட்டி கரைத்துக் குழைக்கிறார்கள். கருப்பட்டி தாராளமானால் சாந்து இறுகாது, பூஞ்சையும் பிடிக்கும்.

கன்னியாகுமரி உறுப்பினர்:
கடலோரச் சுவருக்கு இது மட்டும் போதாது அண்ணே. கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டை என்ற பழைய கோட்டை போல அலைக்காற்று படும் இடங்களில் உப்பு கல்லுக்குள் போய், காயும்போது படிகமாகிப் பொடிக்கும். முதலில் உப்பை இழுக்க வேண்டும். காகிதக் கூழை உப்பில்லாத நீரில் பிசைந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். உப்பு குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடல் மணலைச் சாந்தில் கலப்பவர்களை என்ன சொல்வது! உப்பைக் கையாலேயே சுவருக்குள் வைக்கிறார்கள்.

தக்கலை உறுப்பினர்:
கோபுரத்தில் முளைத்த அரச மரக் கன்றையும் ஆல மரக் கன்றையும் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கலும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள்.

நாகர்கோவில் உறுப்பினர்:
உப்பு பற்றிச் சொன்னது சரி. இன்னொன்று, பருவம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனிலும் அக்டோபரிலும் தொடங்கிய பூச்சு, காற்றை உறிஞ்சி இறுகும் முன்பே கரைந்து போகும். ஜனவரியில் தொடங்குங்கள், ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது நனைத்து வையுங்கள், வெயிலில் சட்டென்று காய்ந்தால் பொடியாக உதிரும்.

எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சிற்பங்களில் மணல் வீச்சு (மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) கூடவே கூடாது. கல்வெட்டு எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். மென்மையான நைலான் பிரஷ், 2 முதல் 3 சதவீத அம்மோனியாக் கரைசல், பிறகு நிறைய நல்ல தண்ணீர் போதும். சிதறால் மலையின் சமணச் சின்னங்கள், வட்டக்கோட்டை போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே இதையும்கூட நாமாகத் தொடக் கூடாது. அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும்.