ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா உடம்பு கேக்கல - உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

தூக்கம்கெட்டவன்:
அப்பா தவறி மூணு மாசம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு திடீர்னு முழிப்பு வந்துச்சு, நெஞ்சு டமடமன்னு அடிக்குது, உள்ளங்கை ஜில்லுன்னு வேர்த்து விரல் எல்லாம் மரத்துப் போச்சு, அவ்ளோதான் அப்பா மாதிரியே நானும்னு முடிவே பண்ணிட்டேன். பொண்டாட்டி ஸ்கூட்டில உக்கார வச்சு காஷுவால்டி கூட்டிட்டுப் போனா. ஈசிஜி நார்மல், ரத்த டெஸ்ட் நார்மல். "ஒன்னுமில்ல சார், எல்லாம் மனசுதான்"னு அனுப்பிட்டாங்க. அந்த "ஒன்னுமில்ல" இருக்கே, அதுதாங்க கடுப்பு. ஒன்னுமில்லாமயா சட்டை நனைஞ்சுது?

ஒரே மாசத்துல நாலு தடவை வந்ததும் வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவர் மருந்துச் சீட்டோட பின்பக்கத்துல படம் போட்டுக் காட்டினார். மூளையும் தண்டுவடமும் ஒரு பகுதி, அதுலேருந்து உடம்பு பூரா போற நரம்புங்க இன்னொரு பகுதி. அந்த நரம்புலயும் நாம சொன்னா கை கால ஆட்டுறது ஒரு வகை, நம்மள கேக்காமயே இதயம், குடல், வியர்வைன்னு பாத்துக்கிறது இன்னொரு வகை. இந்தக் கேக்காத வகையில சிம்பதெடிக்னு ஒன்னு, ஆபத்துன்னு தோணினா சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பிய முடுக்கி அட்ரினலின் இறக்கிவிடும். அது நிஜமான அட்ரினலின், கற்பனை இல்ல. விரல் மரத்துப் போனது நான் வேக வேகமா மூச்சு வாங்கி ரத்தத்துல கார்பன்டைஆக்சைடு குறைஞ்சதால. "திருடன் வந்தாலும் நாய் குரைக்கும், பேப்பர் பையன் வந்தாலும் குரைக்கும், அதுக்காக குரைச்சது பொய்னு ஆகுமா"ன்னு கேட்டார். பாதி பயம் அங்கயே இறங்கிடுச்சு.

பேரன்_98:
எங்க தாத்தாவுக்கு சுகர்ல வலது கால முட்டிக்கு மேல எடுத்தாச்சு. எடுத்த பத்தாம் நாள் ராத்திரி "பெருவிரல் அரிக்குது, சொறிஞ்சு விடுடி"ன்னு பாட்டிய எழுப்புறார். இல்லாத விரல்! நாங்க பசங்க எல்லாம் தாத்தாவுக்கு புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சோம். பாட்டி மட்டும் ஒன்னும் பேசாம, கால் இருந்திருந்தா எங்க இருக்குமோ அந்த எடத்துல வெறும் போர்வைய சொறிவாங்க, அவரும் "இன்னும் கொஞ்சம் கீழ"ம்பார். இப்ப நெனச்சா சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

அப்புறம் பிசியோதெரபி அக்கா சொல்லித்தான் தெரியும். கால் போனாலும் மூளையில அந்தக் காலுக்குன்னு இருக்கிற எடம் அப்படியே இருக்குமாம். 1871-லயே வெயர் மிட்செல்னு ஒரு அமெரிக்க டாக்டர் போர்ல கை கால் இழந்தவங்கள பாத்து இதுக்கு பேர் வச்சிருக்கார். நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச வி.எஸ்.ராமச்சந்திரன் 1990கள்ல கண்ணாடி வச்சே வைத்தியம் பண்ணிக் காட்டினார், அது பெரும்பாலும் கை போனவங்களுக்கு. தாத்தாவுக்கு ரெண்டு காலுக்கும் நடுவுல நீளக் கண்ணாடி வச்சு இருக்கிற கால ஆட்டச் சொன்னாங்க, கண்ணாடில பாத்தா ரெண்டு காலும் ஆடுற மாதிரி தெரியும். இழுத்துப் பிடிக்கிற வலி நல்லா குறைஞ்சுது. அரிப்பு போகல, அதுக்கு பாட்டிதான்.

கோவைக்காரி:
எனக்கு உல்ட்டாங்க. ரத்தம் பாத்தா நெஞ்சு அடிக்காது, அப்படியே டவுன் ஆயிரும், வேகஸ் நரம்பு இதயத்த மெதுவாக்கி பிரஷர் எறங்கிருமாம். ரத்ததான முகாம்ல ஊசியே போடல, பக்கத்து பெட்டுக்காரரோட ரத்தப் பைய பாத்தே விழுந்தேன். ஆபீஸ்ல இன்னும் ஓட்டுறாங்க.

தூக்கம்கெட்டவன்:
எனக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. மனசுக்கு எப்படிங்க மாத்திரை வேலை செய்யும்னு மாமியார் கேக்குறாங்க, எனக்கும் பதில் தெரியல.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
நரம்பு கரண்ட் மட்டும் இல்லீங்க, ஒரு நரம்பு அடுத்ததுகிட்ட பெரும்பாலும் கெமிக்கல்லதான் பேசும். 1921-ல ஓட்டோ லூவின்னு ஒரு விஞ்ஞானி தவளை இதயத்தோட வேகஸ் நரம்ப தூண்டி மெதுவாக்கி, அதச் சுத்தி இருந்த திரவத்த இன்னொரு இதயத்துக்கு மாத்தினார், அதுவும் மெதுவாச்சு. இந்த ஐடியா கனவுல வந்துச்சாம், எழுந்து எழுதி வச்சத காலையில அவராலயே படிக்க முடியல, மறுநாள் ராத்திரி திரும்ப வந்துச்சுன்னு அவரே சொல்லிருக்கார். 1936-ல நோபல். உங்க மாத்திரையும் அந்தப் பேச்சுலதான் தலையிடுது, டாக்டர கேக்காம நீங்களா நிறுத்தாதீங்க. மூச்ச மெதுவா நீளமா வெளிய விட்டுப் பாருங்க, வெளிய விடும்போதுதான் வேகஸ் துடிப்ப இறக்கும்.

தூக்கம்கெட்டவன்:
நன்றி சிஸ்டர். நேத்து ராத்திரி மறுபடி வந்துச்சு, மூச்ச விட்டுக்கிட்டே "நாய் குரைக்குது"ன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ எழுந்து போய் ஜன்னல்ல தெருவ எட்டிப் பாத்துட்டு, "ஒரு நாயும் இல்லையே"ன்னு வந்து படுத்துட்டா.