உதவி: கோபால்ட்-பாஸ்பேட் கரைசல் கலங்குது, கண்ணாடியில் படலம் வரல (அவசரம்)

கெடிலம்22: தண்ணியிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிற வினையூக்கிப் படலம் செய்ய கோபால்ட் நைட்ரேட்டை பாஸ்பேட்ல போட்டேன், ரோஸ் கலர்ல திரிஞ்சுடுச்சு. 1.29 வோல்ட் கொடுத்தும் எஃப்டிஓ (மின்சாரம் கடத்துற பூச்சுள்ள) கண்ணாடியில ஒண்ணும் ஒட்டல. வெள்ளிக்கிழமை டெமோ. கடலூர்ல யாராச்சும் உதவுங்க.

தேங்காய்த்திட்டு: எவ்வளவு கோபால்ட்? பிஎச்? என்ன தண்ணி? 1.29 எதை வெச்சு அளந்தீங்க?

மின்பகுளி: முதலைக் கிளிப் நனைஞ்சிருக்கும். செம்பு கரைஞ்சு வந்தா எல்லாமே கெடும்.

பழைய_மின்வாய்: கண்ணாடியில எந்தப் பக்கம் கடத்தும்னு மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா தம்பி? அது தெரியாம ஆய்வகத்துல நுழையவே கூடாது.

கெடிலம்22: பார்த்தேன் சார், சரியான பக்கம்தான். 250 மில்லிக்கு 1 கிராம். பாஸ்பேட்டா டைபொட்டாசியம் பாஸ்பேட் மட்டும். போர் தண்ணி. சப்ளையோட ரெண்டு ஒயர், அவ்வளவுதான்.

தேங்காய்த்திட்டு: அப்போ நாலும் தப்பு. 1 கிராம்னா கிட்டத்தட்ட 14 மில்லிமோலார். 2008ல இந்தப் படலத்தை அறிமுகப்படுத்தின விஞ்ஞானிகள் கனானும் நொசேராவும் போட்டது 0.5தான், நீங்க 27 மடங்கு. அதான் கோபால்ட் பாஸ்பேட்டா வீழ்படியுது. டைபொட்டாசியம் மட்டும்னா பிஎச் 9 பக்கம் போயிடும், அது இன்னும் மோசம். போர் தண்ணிக் கால்சியமும் பாஸ்பேட்டோட சேரும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க.

250 மில்லிக்கு நீரற்ற டைபொட்டாசியம் 2.68 கிராம், மோனோபொட்டாசியம் 1.31 கிராம், பிஎச் 7 வரும். கோபால்ட் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 1.455 கிராமை 100 மில்லியில தனியா கரைச்சு, அதுல 2.5 மில்லி மட்டும் எடுத்து, பாஸ்பேட்டைக் கலக்கிட்டே சொட்டுச்சொட்டா விடுங்க.

அந்த 1.29 ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பீடா வெச்சு அளந்தது. நிறைவுற்ற சில்வர் குளோரைடு மின்வாய்க்கு எதிரா 1.09. ரெண்டே ஒயர்னா எதிர்மின்வாயில ஹைட்ரஜன் வரத் தேவையான 0.41ஐயும் சேர்த்து 1.7க்கு மேல வேணும். நீங்க கொடுத்தது பத்தாது.

மின்பகுளி: எதுக்கு இந்தப் படலம்? கோபால்ட் 3+ அயனி நல்ல மீடியேட்டர் (எலக்ட்ரானைக் கை மாத்தி விடுறது), 1.92 வோல்ட். கந்தக அமிலத்துல போட்டா கழிவுநீர்ச் சாயமே வெளுக்கும்.

தேங்காய்த்திட்டு: அது வேற வேலை அண்ணே. வலுவான அமிலத்துல 3+ அயனி கரைஞ்சு அலையும், அங்கேயும் மெல்ல தண்ணியை ஆக்சிஜனா மாத்தும். பிஎச் 7ல அப்படி நிக்காது. ஆக்சைடுப் படலமா ஒட்டித்தான் ஆக்சிஜன் விடுது. கொஞ்சம் கரைஞ்சாலும், மின்னழுத்தம் இருக்கிற வரை பாஸ்பேட் உதவியில திரும்பப் படியும்.

மின்பகுளி: கிளிப்பை யாரும் கண்டுக்கல.

பழைய_மின்வாய்: ரெண்டும் வினையூக்கம்தான், பெயருக்குச் சண்டை. கழிவைச் சாக்கடையில ஊத்தாதீங்க தம்பி. காஸ்டிக் சோடா போட்டு பிஎச் 10க்கு மேல ஏத்தி வடிகட்டி, கசடை ஆய்வகக் கழிவுல சேருங்க.

கெடிலம்22: டிபார்ட்மென்ட்ல சில்வர் குளோரைடு மின்வாய் வாங்கி 1.09 வெச்சேன். கலங்கல, பழுப்பா படலம் வந்துடுச்சு. நன்றிங்க.