டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்குப் ‘புகட்டல்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் உயிரியல் சொற்பட்டியலில் டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்கு நேராக ‘மரபணு மாற்றம்’ என்று போட்டிருக்கிறோம். வெளியிலிருந்து டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் அனுப்பும் வேலைக்குத்தான் அந்த ஆங்கிலப் பெயர். இதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. இந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு பி.டி. பருத்தியும் பி.டி. கத்திரிக்காயும்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது வேறு. மனித மரபணு ஒன்றைப் படியாக்கி, அதைப் பாலூட்டிச் செல்லுக்குள் அனுப்பி, அந்தச் செல்லையே புரதம் செய்ய வைக்கிறோம். அதில் ‘உள்ளே அனுப்பும்’ அந்த ஒரு படிக்குத்தான் பெயர் வேண்டும்.

‘மரபணுத் தொற்று’ என்ற பரிந்துரையும் வந்திருந்தது. ஆங்கிலச் சொல்லின் வால் பகுதியில் தொற்று இருப்பது உண்மைதான். வைரஸிலிருந்து பிரித்தெடுத்த நியூக்ளிக் அமிலத்தைச் செல்லுக்குள் விட்டபோது பிறந்த சொல் அது. பாக்டீரியா வெளி டி.என்.ஏ.வை ஏற்பதற்குச் சொல்லும் டிரான்ஸ்ஃபர்மேஷனை இங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை. விலங்குச் செல் புற்றுத்தன்மை அடைவதை அந்தப் பெயரால்தான் குறித்துவந்தார்கள். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்களுடைய இடநெருக்கடி அது, நமக்கு இல்லை. பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) அனுப்புகிற இடத்தில் தொற்று எங்கே இருக்கிறது?

என் முன்மொழிவு: டி.என்.ஏ. புகட்டல்.

சங்கில் குழந்தைக்கு மருந்து புகட்டுவோமே, அந்தப் புகட்டல்தான். செல்லின் மேற்பரப்பும் டி.என்.ஏ.வும் இரண்டும் எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல டி.என்.ஏ.வைக் கால்சியம் பாஸ்பேட்டில் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1973-இல் கிரஹாமும் வான் டெர் எப்பும் வெளியிட்டார்கள். 1987-இல் டி.என்.ஏ.வை நேர்மின் கொழுப்போடு சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இரண்டிலும் செல் அந்தத் துணுக்கைப் பெரும்பாலும் தானே விழுங்கிக்கொள்கிறது. ‘புகுத்தல்’ என்று சொன்னால் நாம் ஊசியால் குத்தி ஏற்றுவதுபோல் இருக்கிறது. ‘புகட்டல்’ என்றால் கொடுப்பது நாம், விழுங்குவது செல். போதாததற்கு, தமிழில் அறிவையும் புகட்டுகிறோம். மரபணுவோ புரதம் செய்வதற்கான குறிப்பு. இதைவிடப் பொருத்தமான வினை எனக்குக் கிடைக்கவில்லை.

கையால் செய்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த எச்.இ.கே. 293 செல்கள் தட்டில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும், வேகமாக ஊற்றினால் பெயர்ந்து வந்துவிடும். அதனால் டி.என்.ஏ.வும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்த கலவையைத் தட்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்புறம் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின்மேல் பொடிமணல் தூவியதுபோல் துகள்கள் தெரியும். தாங்கல் கரைசலின் (பஃபர்) பி.எச். 7.05-ஐ விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு, துகள் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும் (நான் ஒரு வாரம் இதில் தொலைத்திருக்கிறேன்). 293 என்பது கிரஹாமின் சோதனை எண் என்பதையும் சொல்லி வைக்கிறேன், அதையும் யாராவது மொழிபெயர்க்கக் கிளம்பிவிடக் கூடாது.

ஒரு சொல் தேறுமா என்பதை அதன் பிள்ளைகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். புகட்டிய செல்கள், புகட்டாத செல்கள், புகட்டுதிறன், புகட்டுக் கலவை. எல்லாம் வாயில் தடையில்லாமல் வருகின்றன. ‘மரபணு மாற்றம் செய்யப்படாத கட்டுப்பாட்டுச் செல்கள்’ என்று ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது ‘வெளிப்பாடு’, அதாவது மரபணுவிலுள்ள குறிப்பின்படி செல் புரதம் செய்வது (எக்ஸ்பிரஷன்). இது நிலைத்துவிட்ட சொல், அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘வெளி’ என்ற பகுதி மாணவர்களைக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். புரதம் செல்லைவிட்டு வெளியே வருவதுதான் வெளிப்பாடு என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சையாக ஒளிரும் ஜெல்லிமீன் புரதத்தின் மரபணுவைப் புகட்டினால் மறுநாள் செல் முழுக்கப் பச்சை தெரியும், புரதம் உள்ளேயே இருக்கும். அதுவும் வெளிப்பாடுதான். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் வளர்ப்புக் கரைசலுக்கு வந்து சேர்வது வெளிப்பாட்டுக்குப் பிந்தைய சுரப்பு. இந்த இரண்டு சொற்களையும் கட்டுரைகளில் மாற்றி மாற்றிப் போடுவதை மட்டும் நிறுத்தினால் போதும்.

‘ஏன் பாலூட்டிச் செல், பாக்டீரியா போதாதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்சுலினுக்குப் போதும். 51 அமினோ அமிலம், சர்க்கரை ஒட்டத் தேவையில்லை. பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலினுக்கு 1982-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. எரித்ரோபொயட்டின் அப்படியல்ல. 165 அமினோ அமிலச் சங்கிலியில் நான்கு சர்க்கரைக் கிளைகள், எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் அவைதான். அவை இல்லாவிட்டால் உடல் அந்தப் புரதத்தைச் சீக்கிரமே இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். வழக்கமாகப் பயன்படும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு இந்தச் சர்க்கரை வேலை தெரியாது. அதனால்தான் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்கள் இந்தத் தொழிலில் இவ்வளவு இடம் பிடித்தன. இரத்தக் கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. அவற்றில் செய்யப்பட்டு 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக வந்தது.

புகட்டிய டி.என்.ஏ. குரோமோசோமில் சேராமல் சில நாளில் கரைந்துபோனால் ‘குறுங்கால வெளிப்பாடு’, சேர்ந்து தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் ‘நிலைத்த வெளிப்பாடு’. இதில் சண்டை வராது என்று நம்புகிறேன். பாலூட்டியா முலையூட்டியா, செல்லா கலமா என்பதில் இலங்கை நண்பர்கள் தங்கள் வழக்கையே எழுதட்டும், படிக்கிறவருக்குப் புரியும்.

எனக்கே திருப்தி இல்லாத இடம் இரண்டு. மின்னதிர்ச்சியால் சவ்வில் துளையிட்டு டி.என்.ஏ.வை உள்ளே அனுப்பும் முறையில் செல் எதையும் விழுங்குவதில்லை. அங்கே ‘மின்துளைப் புகுத்தல்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாமா, அல்லது பொதுப்பெயரையே நீட்டிக்கலாமா? அடுத்து, இரண்டு பிளாஸ்மிட்களை ஒரே நேரத்தில் கொடுப்பதற்கு ‘இணைப்புகட்டல்’ என்று எழுதினால் ‘இணைப்பு கட்டல்’ என்று பிரித்துப் படிக்கிறார்கள். ‘கூட்டுப் புகட்டல்’ என்று மாற்றி வைத்திருக்கிறேன். வேறு தோன்றினால் எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலைத் திருத்த வேண்டும்.